ஊதா நிறம் போனது, வளையமும் போனது: கடல் பாக்டீரியாவில் எங்கே பிழை?

கேள்வி சுருக்கமாக இது. மதுரையில் எம்.எஸ்சி. நுண்ணுயிரியல் இரண்டாம் ஆண்டு ப்ராஜெக்ட். மண்டபத்தில் வடகடல் (பாக் விரிகுடா) கரையில் ஒதுங்கியிருந்த கடற்புல் இலையிலிருந்து, ஸோபெல் மரைன் அகரில் (கடல் பாக்டீரியா வளர்க்கும் ஊடகம்) கருஊதா நிறக் காலனி ஒன்று கிடைத்திருக்கிறது. ஸ்டாஃபைலோகாக்கஸ் ஆரியஸுக்கு எதிராக அகர் பிளக் முறையில் (காலனி வளர்ந்த அகர்த் துண்டை எதிரி பாக்டீரியா விதைத்த பிளேட்டில் வைப்பது) 18 மி.மீ. தடுப்பு வளையம். மரைன் அகர் விலை கட்டுப்படியாகவில்லை என்று, அதற்குப் பிறகு 3 சதவீதம் உப்பு சேர்த்த நியூட்ரியன்ட் அகருக்கு மாற்றி, 37 டிகிரி இன்குபேட்டரில் வைத்திருக்கிறார். நான்காவது முறை புதிய பிளேட்டுக்கு மாற்றியபோது காலனி வெள்ளை, வளையம் சுத்தமாக இல்லை. ஸ்ட்ரெயின் கெட்டுவிட்டதா, முதலில் பார்த்ததே தவறா, இனி என்ன செய்வது என்று கேட்கிறார்.

முதலில் ஒன்றைத் தீர்த்துக்கொள்ளுங்கள்: இப்போது உங்கள் பிளேட்டில் இருக்கும் வெள்ளைக் காலனி, பழைய ஊதாக் காலனியின் வாரிசுதானா? கடலில் வாழும் ஊதா நிற பாக்டீரியாவில் பெரும்பாலும் கிடைப்பது சூடோஆல்டரோமோனாஸ் லூட்டியோவயலேசியா அல்லது அதன் நெருங்கிய உறவு. அதற்கு 25 முதல் 28 டிகிரிதான் ஒத்துக்கொள்ளும். 37 டிகிரி அதற்கு ஆகாது. உப்பு போட்ட நியூட்ரியன்ட் அகரில் 37 டிகிரியில் செழிப்பாக வளர்வது, கையிலிருந்து வந்த ஸ்டாஃபைலோகாக்கஸாகவோ காற்றில் வந்த பேசில்லஸாகவோ இருக்க வாய்ப்பு அதிகம். கிராம் ஸ்டெயின் போட்டால் பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். அதற்கு முன்பே தெரிய வேண்டுமென்றால் ஸ்லைடில் ஒரு துளி 3 சதவீத பொட்டாசியம் ஹைட்ராக்சைடு வைத்து, அதில் ஒரு லூப் காலனியைக் கலக்கி, லூப்பை மெதுவாக மேலே தூக்குங்கள். பிசின் நூல் போல இழுத்து வந்தால் கிராம் நெகட்டிவ். நீர்த்தபடியே இருந்தால் கிராம் பாசிட்டிவ், அதாவது உங்கள் ஸ்ட்ரெயின் அல்ல, வெறும் கலப்படம். அப்படியானால் இந்தப் பிளேட்டுகளைத் தள்ளிவிட்டுப் பழைய பிளேட்டைத் தேடுங்கள்.

இதோடு சேர்த்து ஒரு எச்சரிக்கை. ஊதா நிறம் தரும் வயலசீன் என்ற நிறமியைக் குரோமோபாக்டீரியம் வயலேசியம் என்ற வேறொரு பாக்டீரியாவும் உண்டாக்கும். அது நம் ஊர் போன்ற வெப்பப் பகுதிகளில் மண்ணிலும் குளத்து நீரிலும் இருப்பது. மனிதருக்கு அரிதாகத்தான் தொற்றும், ஆனால் தொற்றினால் ரத்தத்தில் பரவி உயிருக்கே ஆபத்தாகும். ஆகவே எந்த ஊதாக் காலனியையும் உப்பே சேர்க்காத நியூட்ரியன்ட் அகரில் ஒருமுறை ஸ்ட்ரீக் செய்து பாருங்கள். சூடோஆல்டரோமோனாஸுக்கு சோடியம் இல்லாமல் வளர்ச்சி கிடையாது. உப்பில்லாமலே ஊதாவாக வளர்ந்தால் அது கடல் சமாச்சாரம் அல்ல. கையில் கீறல் இருக்கும்போது தொடாதீர்கள், வழிகாட்டியிடம் சொல்லிவிட்டு ஆட்டோகிளேவ் செய்து அப்புறப்படுத்துங்கள்.

இனி மீடியாவுக்கு வருவோம். உங்கள் சிக்கலின் மையம் இதுதான் என்று நினைக்கிறேன்.

1966-இல் பர்க்ஹோல்டரும் அவருடன் வேலை செய்தவர்களும் போர்ட்டோ ரிக்கோவில் தலாசியா என்ற கடற்புல்லின் இலைமேல் இருந்த பாக்டீரியாவிலிருந்து ஒரு ஆன்டிபயாட்டிக்கைப் பிரித்தார்கள். அதுதான் பென்டாபுரோமோசூடிலின், மேலே சொன்ன லூட்டியோவயலேசியாவும் செய்யும் சேர்மம். (அதே பேரினப் புல்லின் இன்னொரு வகை நம் மன்னார் வளைகுடாவிலும் பாக் விரிகுடாவிலும் தாராளமாக வளர்கிறது. கடற்புல் இலையைத் தேர்ந்தெடுத்தது நல்ல முடிவு.) அந்தச் சேர்மத்தின் ஒவ்வொரு மூலக்கூறிலும் ஐந்து புரோமின் அணுக்கள். எடையில் கணக்குப் பார்த்தால் 72 சதவீதம் புரோமின்தான். இந்தப் புரோமின் முழுவதும் கடல்நீரில் கரைந்திருக்கும் புரோமைடிலிருந்து வர வேண்டும். சாதாரணக் கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 65 மி.கி. புரோமைடு உண்டு. ஸோபெல் மரைன் அகர் பவுடரில் லிட்டருக்கு 0.08 கிராம் பொட்டாசியம் புரோமைடு சேர்த்திருக்கிறார்கள். அது ஏறக்குறைய 54 மி.கி. புரோமைடு. 3 சதவீத உப்பு போட்ட நியூட்ரியன்ட் அகரில் சோடியமும் குளோரைடும் இருக்கிறது, புரோமைடு சொல்லிக்கொள்ளும்படி இல்லை. உப்பளத்தில் உப்பு படியும்போது புரோமைடு பெரும்பாலும் மிச்சமாகும் கழிவுநீரிலேயே தங்கிவிடும், உப்புக் கல்லில் ஏறாது. அதனால் தூத்துக்குடிக் கல்லுப்பை வாங்கிப் போட்டாலும் இந்தக் குறை தீராது. பாக்டீரியா உயிரோடு வளரும், ஆனால் ஆன்டிபயாட்டிக் செய்ய மூலப்பொருள் இல்லை.

செலவுதான் தடை என்றால் ரெடிமேட் பவுடரை விட்டுவிட்டுப் பழைய முறைக்கே போகலாம். பெப்டோன் 5 கிராம், ஈஸ்ட் எக்ஸ்ட்ராக்ட் 1 கிராம், ஃபெரிக் சிட்ரேட் 0.1 கிராம், அகர் 15 கிராம், கடல்நீர் 750 மி.லி., காய்ச்சி வடித்த நீர் 250 மி.லி. பி.ஹெச். 7.6. கடல்நீர் மண்டபத்தில் இலவசம். புதிய கேனில், படகுத்துறையை விட்டுத் தள்ளி எடுங்கள். டீசல் வாடை உள்ள கேன் வேண்டாம். கொண்டுவந்ததும் வாட்மேன் 1 தாளில் வடிகட்டி, சில வாரம் இருட்டில் வைத்துப் பிறகு பயன்படுத்தினால் பிளேட்டுக்குப் பிளேட்டு முடிவு ஒத்துவரும். ஐப்பசி, கார்த்திகை மழையில் வடகடலின் உப்புத்தன்மை இறங்கும். ரிஃப்ராக்டோமீட்டரில் பார்த்து, ஆயிரத்துக்கு 30-க்குக் கீழே இருந்தால் காய்ச்சி வடித்த நீரின் அளவைக் குறையுங்கள். மீதியை நிரப்ப குழாய்த் தண்ணீரோ போர் தண்ணீரோ கூடவே கூடாது. மதுரையின் நிலத்தடி நீர் பெரும்பாலும் கடினநீர், ஆட்டோகிளேவில் இன்னும் அதிகமாகத் திரியும்.

ரெடிமேட் பவுடரே பயன்படுத்துகிறவர்கள் அடிக்கடி செய்யும் தவறு, கடல் பாக்டீரியாதானே என்று பவுடரைக் கடல்நீரில் கரைப்பது. லிட்டருக்கு 55.25 கிராம் பவுடரில் கடல் உப்பு முழுவதும் ஏற்கெனவே இருக்கிறது. கடல்நீரில் கரைத்தால் உப்பு இரட்டிப்பாகும், பல ஸ்ட்ரெயின்கள் வளராது. ஆட்டோகிளேவ் செய்தபின் அடியில் மெல்லிய வெண்மை படிவது இயல்பு. அதை வடிகட்டாமல், குலுக்கிக் கலந்து ஊற்றுங்கள்.

புரோமைடுதான் காரணமா என்று ஊகிக்க வேண்டியதில்லை, ஒரு வாரத்தில் நிரூபித்துவிடலாம். அறிக்கையில் இதைச் சேர்த்தால் ப்ராஜெக்ட்டின் தரமே உயரும். செயற்கைக் கடல்நீர் ஒரு லிட்டருக்கு: சோடியம் குளோரைடு 23.5 கிராம், மக்னீசியம் குளோரைடு (ஆறு நீர் மூலக்கூறு கொண்டது) 10.6 கிராம், சோடியம் சல்ஃபேட் 3.9 கிராம், கால்சியம் குளோரைடு (இரு நீர் மூலக்கூறு கொண்டது) 1.5 கிராம், பொட்டாசியம் குளோரைடு 0.7 கிராம், சோடியம் பைகார்பனேட் 0.2 கிராம். கால்சியத்தை மட்டும் தனியாக ஆட்டோகிளேவ் செய்து, ஆறியபின் சேருங்கள். இதில் மேலே சொன்ன அளவில் பெப்டோன், ஈஸ்ட் எக்ஸ்ட்ராக்ட், அகர். பாதியில் லிட்டருக்கு 0.1 கிராம் வீதம் பொட்டாசியம் புரோமைடு, மறுபாதியில் அது வேண்டாம். ஆய்வகத் தர உப்பிலும் கொஞ்சம் புரோமைடு ஒட்டிக்கொண்டிருக்கும் என்பதால் முழுப் பூஜ்யம் வராது, ஒப்பிட இது போதும். ஒரே காலனியை இரண்டிலும் வளர்த்து வளையத்தை அளந்து பாருங்கள். புரோமைடு உள்ள பக்கம் மட்டும் பெரிதாக வந்தால் உங்கள் சேர்மம் புரோமின் கொண்டது என்பதற்கு முதல் சாட்சி கிடைத்துவிட்டது.

வெப்பநிலை பற்றி ஒரு வார்த்தை. சித்திரை, வைகாசியில் மதுரையில் ஏ.சி. இல்லாத ஆய்வக அறை மதியம் 35 டிகிரியைத் தாண்டும். ‘ரூம் டெம்பரேச்சர்’ என்று மேஜைமேல் வைத்த பிளேட்டும் இந்த பாக்டீரியாவுக்குச் சூடுதான். குளிரூட்டும் வசதியுள்ள பி.ஓ.டி. இன்குபேட்டரில் 26 டிகிரி வையுங்கள். கரண்ட் போய்வரும் இடமாக இருந்தால் உள்ளே ஒரு தெர்மாமீட்டரைத் தண்ணீர்க் குடுவைக்குள் போட்டுவைத்து, காலை மாலை குறித்துக்கொள்ளுங்கள்.

நிறம் போனதற்கு இன்னொரு காரணமும் உண்டு, அது மீடியாவைச் சேர்ந்ததல்ல. இந்த இனத்தில் பல ஸ்ட்ரெயின்கள் திரும்பத் திரும்ப மாற்றும்போது வெள்ளை வடிவங்களைத் தள்ளும். சூடோஆல்டரோமோனாஸ் ட்யூனிகேட்டா என்ற உறவு இனத்தில் இது நன்றாக ஆராயப்பட்டிருக்கிறது. அங்கே ஒரே ஒரு கட்டுப்பாட்டு ஜீன் பழுதானால் நிறமியும் போகிறது, பிற உயிரிகளைத் தடுக்கும் திறனும் சேர்ந்தே போகிறது. வெள்ளை வடிவம் வேகமாக வளர்வதால், பிளேட்டில் பெரிய அழகான காலனியாகப் பார்த்து எடுக்கும் நம் கை அதையே எடுத்துக்கொண்டு வரும். எனவே முதல் இரண்டு மாற்றங்களின் பிளேட்டோ ஸ்லாண்டோ (குழாயில் சாய்வாக உறையவைத்த அகர்) ஃப்ரிட்ஜில் இருந்தால், உடனே புதிய மரைன் அகரில் நீர்த்து ஸ்ட்ரீக் செய்து 26 டிகிரியில் மூன்று நாள் விட்டுப் பாருங்கள். வெள்ளைகளுக்கு நடுவே ஒரு ஊதாப் புள்ளி தெரிந்தாலும் போதும். காலனியின் ஓரம் மட்டும் ஊதாவாக இருந்தால், ஸ்டெரைல் டூத்பிக் முனையால் அந்த ஓரத்தைத் தொட்டு எடுத்து மறுபடி ஸ்ட்ரீக் செய்யுங்கள். மூன்று முறை சுத்தம் செய்து ஒரே நிறமாக வந்த அன்றே ஸ்டாக் போட வேண்டும். வெள்ளை வடிவத்தையும் தூக்கி எறியாதீர்கள். அதே தாயிலிருந்து வந்தது என்று உறுதியானால், அதைவிட நல்ல நெகட்டிவ் கன்ட்ரோல் கிடைக்காது.

அடுத்து, முதலில் கிடைத்த அந்த 18 மி.மீ. வளையத்தைப் பற்றி. இதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் கடல் பாக்டீரியா ப்ராஜெக்ட்டுகள் பலவும் இங்கேதான் வழுக்குகின்றன. வளையம் என்பது அங்கே ஏதோ ஒன்று எதிரியை வளரவிடவில்லை என்று மட்டும் சொல்லும். அது ஆன்டிபயாட்டிக்தான் என்று சொல்லாது. லூட்டியோவயலேசியா அமினோ அமில ஆக்சிடேஸ் என்ற நொதியை வெளியே விடும். அது மீடியாவில் உள்ள அமினோ அமிலங்களை உடைத்து ஹைட்ரஜன் பெராக்சைடை உண்டாக்கும். பெப்டோனும் ஈஸ்ட் எக்ஸ்ட்ராக்ட்டும் தாராளமாக உள்ள மீடியாவில் அந்தப் பெராக்சைடே பெரிய வளையம் போட்டுவிடும். ட்யூனிகேட்டாவின் புகழ்பெற்ற தடுப்புப் புரதமும் லைசினை உடைத்துப் பெராக்சைடு தரும் இதே வகைதான். ஸ்டாஃபைலோகாக்கஸிடமே பெராக்சைடை உடைக்கும் கேட்டலேஸ் நொதி இருக்கிறதே, அது தப்பித்துக்கொள்ளாதா என்று கேட்கலாம். நொதி தொடர்ந்து பெராக்சைடைச் சுரந்துகொண்டே இருக்கும்போது, குறைந்த எண்ணிக்கையில் விதைத்த செல்களின் கேட்டலேஸ் ஈடுகொடுக்காது.

இதைச் சோதிக்க, எதிரி பாக்டீரியாவைக் கலக்கும் 0.7 சதவீத மென் அகரை 45 டிகிரிக்குக் கீழே ஆறவிட்டு, அதில் மாட்டுக் கல்லீரல் கேட்டலேஸை மி.லி.க்கு 500 அலகு வீதம் சேர்த்து ஊற்றுங்கள். அதைவிடச் சூடாக இருந்தால் நொதி செத்துவிடும், சோதனையே பொய்யாகும். பக்கத்தில் கேட்டலேஸ் இல்லாத பிளேட் ஒன்று, பெராக்சைடில் நனைத்த வட்டு ஒன்று. கேட்டலேஸ் பிளேட்டில் பெராக்சைடு வட்டின் வளையம் மறைந்திருக்க வேண்டும். உங்கள் பிளக்கின் வளையமும் கூடவே மறைந்தால் அது நொதியின் வேலை. சுருங்கினாலும் மிஞ்சி நின்றால் அந்த மிச்சம்தான் நீங்கள் தேடும் சேர்மம். வயலசீன் நீரில் கரையாதது, அகரில் அதிக தூரம் பரவாது. ஆகவே 18 மி.மீ. முழுவதையும் நிறமியின் கணக்கில் எழுதிவிட முடியாது. காலனி வளராத வெறும் மரைன் அகர் பிளக் ஒன்றையும் அதே பிளேட்டில் வைக்க மறக்காதீர்கள். உப்பு கசிந்து வரும் வளையத்தை அது காட்டிக்கொடுக்கும்.

பிளக் வேண்டாம், காலனியின் மேலேயே மென் அகர் ஊற்றலாம் என்று நினைத்தால், முதலில் குளோரோஃபார்ம் ஆவியில் அரைமணி நேரம் வைத்துக் காலனியைக் கொன்றுவிட வேண்டும். அதற்குக் கண்ணாடிப் பெட்ரி டிஷ்தான் வேண்டும். பிளாஸ்டிக் டிஷ் குளோரோஃபார்மில் மங்கி, உருகி, ஒட்டிக்கொள்ளும். ஃபியூம் ஹூட் இல்லாத ஆய்வகத்தில் இந்த முறையே வேண்டாம்.

சேர்மத்தைப் பிரிக்க ஒரு லிட்டர் கல்ச்சர் போதும். ஒரு லிட்டர் கூம்புக் குடுவைகள் ஐந்தில் 200 மி.லி. வீதம் மரைன் பிராத், 26 டிகிரி, நிமிடத்துக்கு 100 சுற்று, 48 முதல் 72 மணி நேரம். சென்ட்ரிஃபியூஜ் செய்தபின் தெளிநீரை மட்டும் எடுத்துக்கொண்டு செல்களைக் கீழே கொட்டிவிடாதீர்கள். வயலசீன் செல்லோடு ஒட்டியிருக்கும், நீரை விரும்பாத மற்றச் சேர்மங்களும் அங்கே நிறைய தங்கும். செல்களை மெத்தனாலிலும், தெளிநீரை அதே அளவு எத்தில் அசிடேட்டில் இரண்டு முறையும் பிரித்தெடுங்கள். பாக்டீரியா சுரக்கும் பிசினால் நடுவே நுரைபோல ஒரு அடுக்கு நின்று, மணிக்கணக்கில் பிரியாது. கொஞ்சம் சமையலுப்பு போட்டு மெதுவாகச் சுழற்றுங்கள், அதற்கும் மசியவில்லை என்றால் கண்ணாடிக் குழாயில் சென்ட்ரிஃபியூஜ் செய்யுங்கள். நீரற்ற சோடியம் சல்ஃபேட்டில் ஈரம் போக்கி, ரோட்டரி எவாப்பரேட்டரில் 40 டிகிரிக்கு மேல் போகாமல் வற்றவைத்து, எடை போட்டு, பழுப்பு நிற வயலில் உறைகுளிரில் வையுங்கள். எத்தில் அசிடேட் பகுதியில் தடுப்புத் திறன் வந்தால் பெராக்சைடு நொதி பற்றிய சந்தேகம் ஏறக்குறைய தீர்ந்தது. புரதம் அந்தப் பக்கம் வராது. குறைந்தபட்சத் தடுப்புச் செறிவு பார்க்கும்போது வயலசீனின் நிறம் கலங்கலை அளக்கும் கருவியைக் குழப்பும். அங்கே உயிருள்ள செல்லால் நிறம் மாறும் ரெசசூரின் சாயத்தைப் போட்டு நிறமாற்றத்தைப் பாருங்கள், எக்ஸ்ட்ராக்ட்டைக் கரைக்கும் டி.எம்.எஸ்.ஓ. 1 சதவீதத்தைத் தாண்ட வேண்டாம்.

மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரிக்கு அனுப்பும்போது நெகட்டிவ் அயனி முறையில் பார்க்கச் சொல்லுங்கள். புரோமினுக்கு 79, 81 என்று இரண்டு ஐசோடோப்புகள், இயற்கையில் கிட்டத்தட்டச் சரிபாதி. ஐந்து புரோமின் இருந்தால் 547.6-இல் தொடங்கி இரண்டிரண்டு தள்ளி 557.6 வரை ஆறு சிகரங்கள் வரும், உயரம் 1:5:10:10:5:1 என்ற விகிதத்தில். நடுவில் இரண்டு நெட்டை, இருபுறமும் சரிவு. இந்த வடிவத்தை ஒருமுறை பார்த்துவிட்டால் வேறெதோடும் குழப்பிக்கொள்ள மாட்டீர்கள். நோஞ்சான் முதல் சிகரத்தை மட்டும் பார்த்து மூலக்கூறு எடை தேடினால் எதுவும் கிடைக்காது.

இனத்தை உறுதி செய்ய 16எஸ் வரிசை (பாக்டீரியாவை அடையாளம் காணப் பார்க்கும் ரைபோசோம் ஜீன்) போதுமா என்றால், பேரினம் வரை போதும். சூடோஆல்டரோமோனாஸ் இனங்கள் பலவற்றின் 16எஸ் ஒன்றுக்கொன்று மிக நெருக்கம். 99 சதவீதம் பொருந்துகிறது என்று இனப் பெயரை எழுதிவிடாதீர்கள். நிதி இருந்தால் முழு ஜீனோம் எடுத்து, அந்த இனத்துக்கு அடையாளமாக வைத்திருக்கும் டைப் ஸ்ட்ரெயினோடு சராசரி ஒற்றுமை 95 சதவீதத்தைத் தாண்டுகிறதா என்று பாருங்கள். பென்டாபுரோமோசூடிலினைச் செய்யும் ஜீன் தொகுப்பு 2014-இலேயே கண்டறியப்பட்டிருப்பதால் அதையும் அந்த ஜீனோமிலேயே தேடலாம். ஒரு விஷயத்தை அறிக்கையில் அடக்கமாக எழுதுங்கள்: இந்தச் சேர்மம் கண்டுபிடித்து அரை நூற்றாண்டு கடந்தும் மருந்தாகவில்லை. நம் தசைகளையும் செல்களையும் இயக்கும் மயோசின் புரதத்தையே அது தடுக்கும். ‘புதிய மருந்து’ என்ற தலைப்பு வேண்டாம், எக்ஸ்ட்ராக்ட்டைக் கையுறை இல்லாமல் தொடவும் வேண்டாம்.

ஊதா வடிவம் எங்குமே மிஞ்சவில்லை என்றால் மறுபடி மண்டபம்தான். கரையில் புதிதாக ஒதுங்கிய பச்சை இலையே போதும், கடலில் இறங்கிப் பிடுங்க வேண்டியதில்லை. தென்கடல் (மன்னார் வளைகுடா) பக்கம் தேசியப் பூங்காவின் 21 தீவுகளில் வனத்துறை அனுமதி இல்லாமல் எதையும் எடுக்கக் கூடாது. பவளம், கடல் அட்டை போன்றவை சட்டப் பாதுகாப்பில் உள்ளவை, கரையில் கிடந்தாலும் கை வைக்காதீர்கள். இலையை ஸ்டெரைல் கடல்நீரில் மூன்று முறை அலசி, ஒட்டாமல் மிதக்கும் பாக்டீரியாவைப் போக்குங்கள். 1 கிராம் இலையை 9 மி.லி. ஸ்டெரைல் கடல்நீரில் இரண்டு நிமிடம் வோர்ட்டெக்ஸ் செய்து, பத்தாயிரத்தில் ஒரு பங்கு வரை நீர்த்து, ஒவ்வொன்றிலும் 0.1 மி.லி. பரப்புங்கள். பெப்டோனை 0.5 கிராமாகக் குறைத்த மீடியாவையும் கூடவே வையுங்கள். சத்து அதிகமான பிளேட்டில் விப்ரியோ இரண்டே நாளில் எல்லாவற்றையும் மூடிவிடும். மதுரைக்கு 150 கிலோமீட்டர், பஸ்ஸில் பையை மடியில் வைத்துக்கொண்டு வருவதென்றால் ஐஸ் நேரடியாகக் குழாயில் படாமல் இடையில் துணி சுற்றுங்கள், உறைந்தால் பாதி செத்துவிடும். முடிந்தால் பிளேட்டுகளைக் கையோடு கொண்டுபோய் அங்கேயே பரப்பிவிட்டு வருவது இன்னும் நல்லது. ஒரு வாரம் வரை தினமும் பாருங்கள், ஊதா பெரும்பாலும் இரண்டாம் மூன்றாம் நாளில் தலைகாட்டும்.

இந்த முறை கிடைத்தால் ஃப்ரிட்ஜில் உள்ள ஸ்லாண்டை நம்பாதீர்கள். நிறமுள்ள சூடோஆல்டரோமோனாஸ் அங்கே சில வாரங்களில் செத்துப்போகும். மரைன் பிராத்தில் ஓர் இரவு வளர்த்த கல்ச்சரோடு 25 சதவீதம் இறுதி அளவு வருமாறு கிளிசரால் கலந்து, பத்து வயல்களாகப் பிரித்து மைனஸ் 80-இல் வையுங்கள். வயலின் மேல் தேதி, எந்த மீடியா, எத்தனையாவது மாற்றம் என்று மூன்றையும் எழுதுங்கள். ஒவ்வொரு சோதனைக்கும் அந்த ஸ்டாக்கிலிருந்தே புதிதாகத் தொடங்குங்கள், பிளேட்டிலிருந்து பிளேட்டுக்கு மூன்று முறைக்கு மேல் கடத்த வேண்டாம்.